குடைக்காரி உள்ளே வருகிறாள்

அன்று காலையும் ஏழாம் நம்பர் அறையில் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கட்டிலில் படுத்தால் நேரே கண்ணில் படுகிற இடத்தில் மாட்டிய படம். பனி கொட்டுகிற தெருவில் குடை பிடித்து நடக்கிற ஒரு ஜப்பான் பெண். அந்த அறையில் தங்கியிருந்த ஹயாஷி சார் தினமும் படுக்கும் முன் அதைக் கழற்றி, முகம் சுவர்ப்பக்கம் போகிற மாதிரி மாட்டிவிடுவார். காலையில் அவர் கம்பெனி வண்டி ஏறியதும் நான் போய் நேராக மாட்டுவேன். அவர் ஏன் திருப்புகிறார் என்று நான் கேட்டதில்லை. நான் ஏன் திருப்பி மாட்டுகிறேன் என்று அவரும் கேட்டதில்லை. சலித்துப்போன புருஷன் பெண்டாட்டி மாதிரி, பேச்சுவார்த்தை இல்லாமலே எங்கள் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"அந்த மனுசன் கூச்சப்படுதாருக்கா" என்றாள் பேச்சி. என்னோடு அறை சுத்தம் செய்கிறவள், தென்காசிப் பக்கம். "ஒரு பொம்பள பாத்துக்கிட்டே நிக்கையில துணி மாத்த முடியுமா?"

"அதுவும் சரிதாம்ட்டி" என்றேன். எனக்கு அதற்குமேல் யோசிக்கத் தெம்பு இல்லை. குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கம்பெனிகளில் வயரிங் லைனில் நின்று வேலை பார்த்த வருஷங்கள் கொடுத்த பரிசு.

ஒரகடத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே வந்தால் இருக்கிறது இந்த கெஸ்ட் ஹவுஸ். ஜப்பான் கம்பெனிகளுக்கு வருகிற இன்ஜினியர்கள் தங்குவதற்காகக் கட்டியது. முதலாளி கோதண்டராமன் சார் இந்த ஊர்க்காரர். கட்டி முடித்ததிலிருந்து பாதி அறை காலியாகவே கிடந்தது. இப்போதுதான் ஒரு கம்பெனி கட்டடம் மொத்தத்தையும் இரண்டு வருஷத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறது. அதற்கு முன்னோட்டமாக ஹயாஷி சாரை அனுப்பித் தங்கவைத்திருக்கிறார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டால் நான்தான் ஹவுஸ்கீப்பிங் இன்சார்ஜ். படிக்கட்டுக்குக் கீழே எனக்கென்று ஒரு சின்ன அறை, உள்ளே தாழ்ப்பாளோடு. எடுக்கவில்லையென்றால் கோதண்டராமன் சார் இரும்புக் கட்டில்களை அடுக்கி, கான்ட்ராக்ட் பையன்களுக்கு ஹாஸ்டலாக விட்டுவிடுவார். ஹாஸ்டலில் யார் பெட்ஷீட் மாற்றப்போகிறார்கள்? எங்கள் ஏழு பேருக்கும் வேலை போய்விடும்.

விளாத்திகுளத்திலிருந்து நான் இங்கே வந்த பிறகு எத்தனை கம்பெனி, எத்தனை ஹாஸ்டல் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு கம்பெனியிலும் கை பழகி வேகம் வருகிற நேரத்தில் கான்ட்ராக்ட் முடிந்துவிடும். மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கேட். இரண்டு வருஷம் ஒரே இடத்தில் தூங்கி எழ வேண்டும். சத்தியமாக எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

படம் வாங்கப் போன கதையைச் சொல்லியாக வேண்டும். சுவர் வெறிச்சென்று இருந்தால் ஜப்பான்காரர்களுக்கு ஊர் ஏக்கம் வந்துவிடும் என்று யாரோ கோதண்டராமன் சாரிடம் சொல்லிவிட்டார்கள். உடனே என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் சக்திகுமாரின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க மற்றவர்கள் வீட்டு நல்லது கெட்டதை அச்சடிக்கிற கடை. சக்திகுமார் அருப்புக்கோட்டைக்காரர். எந்நேரமும் கண் சிவந்தே இருப்பார்.

கம்ப்யூட்டரில் ஜப்பான் படங்களாகத் தள்ளிக்கொண்டே வந்தார். முதலில் பெரிய பெரிய அலையாக ஒன்று. "தண்ணி வூட்டுக்குள்ள வர்ற மாதிரி கீது. செம்பரம்பாக்கம் ஏரிய தொறந்துவுட்டப்ப பட்டது போதாதா?" என்றார் கோதண்டராமன் சார். அடுத்து நாடக நடிகர்களின் முகங்கள், கண் இரண்டும் மூக்கைப் பார்க்க, வாய் கோணிக்கொண்டு. பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அடுத்தது மையை மட்டும் வைத்துத் தீட்டிய ஓவியம். ஓரத்தில் ஒரு மூங்கில் கிளையும் ஒரு குருவியும், மீதித் தாள் முழுக்க வெள்ளை.

"இன்னாப்பா இது, முக்காவாசி காலியா கீது?"

"அது அவுக ஸ்டைலு சார். அந்தக் காலியையும் சேத்துத்தான் பாக்கணுமாம்."

"காலி இடத்துக்கும் சேத்துத்தான நீ ரேட்டு போடுவ? வோணாம்."

கடைசியாக வந்தவள்தான் இந்தக் குடைக்காரி. இந்த மாதிரிப் படங்களை மரப்பலகையில் செதுக்கி அச்சடிப்பார்களாம். கோட்டுக்கு ஒரு பலகை, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. மை பூசி, தாளை மேலே வைத்து, கையால் தேய்த்து எடுப்பார்களாம். நெட்டில் படித்ததைச் சக்திகுமார் சொல்லிக்கொண்டிருக்க, நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்குமே நிழல் இல்லை. முகத்துக்கு நாலைந்து கோடு, அவ்வளவுதான். ஆனாலும் அவள் நடந்து களைத்தவள் என்று தெரிந்தது. கழுத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, குடையின் பாரத்தை இரண்டு கைக்கும் பிரித்துக்கொடுத்து நடந்தாள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது நாங்களும் அப்படித்தான் நடப்போம். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

கோதண்டராமன் சாருக்கும் பிடித்தது. ஆனால் அவர் கையோடு ஒரு வாஸ்துக்காரருக்குப் போன் போட்டார். வரவேற்பறையில் படம் மாட்டுகிற சுவரைச் சொன்னதும், அவள் எந்தப் பக்கம் நடக்கிறாள் என்று வாஸ்துக்காரர் கேட்டார். வாசல் பக்கம் என்றார் இவர். போச்சு. பெண் வாசலைப் பார்த்து நடந்தால் லட்சுமி வீட்டை விட்டு வெளியே போகிறாள் என்று அர்த்தமாம். உள்ளே வருகிற மாதிரி இருக்க வேண்டுமாம்.

"இவ்ளோதான சார், திருப்பிட்டாப் போச்சு" என்று சக்திகுமார் ஒரு பட்டனைத் தட்டினார். குடைக்காரி நொடியில் எதிர்ப்பக்கம் நடந்தாள். மூலையில் இருந்த ஜப்பான் எழுத்து இடவலம் மாறிக் கோலமாகிவிட்டதால் அதை அழித்துவிட்டு, அங்கே கெஸ்ட் ஹவுஸ் லோகோவைப் போட்டார்.

"திருப்புனா தப்பில்லியே?" என்று நான் கேட்டேன்.

"பலகையில எப்படியும் திருப்பித்தான்மா செதுக்குவாக. அப்பத்தான் தாள்ல நேரா விழும். நாம மறுக்கா ஒருதரம் திருப்புதோம், அம்புட்டுத்தான்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வரவேற்பறைக்குப் பெரிதாக ஒன்று, எல்லா அறைகளுக்கும் அதே படம் சின்னதாக, கேன்வாஸ் துணியில் அடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தார்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கம்பெனியின் அட்மின் மேனேஜர் மொரிட்டா என்பவர் கட்டடத்தை நேரில் பார்த்து முடிவு சொல்ல வருகிறார் என்று தெரிந்ததும் கோதண்டராமன் சாருக்கு இன்னொரு யோசனை உதித்தது. எங்கள் ஏழு பேருக்கும் ஜப்பான் உடுப்பு. தையற்காரருக்கு அந்தப் படத்தையே அளவாகக் காட்டி, ஊதாத் துணியில் நீள அங்கியும் இடுப்புக்கு அகலமான பட்டையும் தைத்து வாங்கிவந்தார். உடுத்தத் தெரிந்தவர்கள் யாருமில்லை. வரவேற்பறைப் படத்தின் முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, அவள் எந்த முன்பக்கத்தை எதன்மேல் போட்டிருக்கிறாள் என்று பார்த்துப் பார்த்து நான்தான் கட்டிவிட்டேன். வேலையை ஒழுங்காகச் செய்கிற புத்தி என் சாபம். ஏழு பேருக்கும் ஒரு இம்மி பிசகாமல் படத்தில் இருப்பது போலவே வந்தது.

"இன்னாம்மா, ஜப்பானே எறங்கி வந்துகினு கீது" என்றார் சார். அவர் அப்படிச் சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

மொரிட்டா பகல் பதினோரு மணிவாக்கில் வந்தார். கூடவே ஹயாஷி சார், மொழிபெயர்க்க மதிவதனி என்கிற பென்னலூர்ப் பெண். வாசலில் நாங்கள் இரண்டு பக்கமும் நிற்க, நான் நடுவில் ஆரத்தித் தட்டோடு நின்றேன். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், நடுவில் கற்பூரம்.

காரிலிருந்து இறங்கிய மொரிட்டா எங்களைப் பார்த்தார். வைத்த காலை அப்படியே வைத்தபடி நின்றுவிட்டார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ஹயாஷி சார் தலையைக் குனிந்துகொண்டார். மதிவதனியின் முகம் வெளுத்துவிட்டது. நான் மூன்று சுற்றுச் சுற்றி முடித்தேன். பிறகு மொரிட்டா ரொம்ப மரியாதையாகக் குனிந்து நிமிர்ந்து, எங்களைத் தாண்டிப் போகும்போது தோள் படாமல் ஒதுங்கி நடந்தார். ஹயாஷி சார் தலைவலி என்று சைகை காட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மதிவதனி கோதண்டராமன் சாரை ஓரமாகக் கூப்பிட்டாள். தட்டோடு நான் பக்கத்திலேயே நின்றதால் எனக்கும் கேட்டது.

"சார், இந்த டிரஸ்ல எப்பவும் இடது பக்கம்தான் மேல வரணும். வலது பக்கத்தை மேல போட்டுக் கட்டுறது செத்தவங்களுக்கு மட்டும். பொணத்துக்குத்தான் இப்படிக் கட்டுவாங்க." வரவேற்பறைப் படத்தைப் பார்த்தாள். "அந்தப் படமும் அப்படியே இருக்கு சார். யாராவது திருப்பிட்டாங்களா?"

நான் தட்டைத் தரையில் வைத்தேன். வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. எங்கள் பக்கமும் சாவு என்றால் எல்லாம் மாற்றித்தான். வலம் சுற்றுகிற இடத்தில் இடம் சுற்றுவோம், வாய்க்கரிசியைப் புறங்கையால் போடுவோம். ஏழு பிணங்களாக வரிசையில் நின்று, வந்த மனிதருக்கு ஆரத்தி எடுத்திருக்கிறோம். ஹயாஷி சாருடைய காலுக்கு நேரே ஒரு பிணத்தை மாட்டிவைத்து, அவர் திருப்பத் திருப்ப, நான் தினமும் காலையில் தூசி தட்டி நேராக வைத்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது.

சேலைக்கு மாறிக்கொண்டு டீ எடுத்துப் போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் மொரிட்டா, கோதண்டராமன் சார், மதிவதனி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மொரிட்டா கோபமாகவே இல்லை. இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால் மறுபடி நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம், அதனால் கேட்கிறேன் என்றார். மதிவதனி அதைத் தமிழில் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஒய்-ஒய்.

இந்தப் பக்கம் லைனில் நின்ற எவருக்கும் ஒய்-ஒய் தெரியும். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் ஏன் என்று கேட்பார்கள். பதில் சொன்னால் அதற்கு ஏன் என்பார்கள். அப்படியே தோண்டிக்கொண்டு போய் அடிவேரைப் பிடிக்க வேண்டும், ஆளைக் குறை சொல்லக் கூடாது என்று போர்டில் எழுதியே வைத்திருப்பார்கள். ஆனால் நான் பார்த்த ஒய்-ஒய் எல்லாம் கடைசியில் ஆபரேட்டர் மேல்தான் போய் முடிந்திருக்கிறது. மெஷின் பழசு என்று எழுதினால் செலவு, சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார் என்று எழுதினால் வம்பு. ஆபரேட்டர் கவனக்குறைவு என்று எழுதினால் எல்லோரும் சாப்பிடப் போகலாம்.

உடுப்பை ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று மொரிட்டா கேட்டார்.

"படத்த பாத்து கட்டுனாங்க சார்."

படம் ஏன் அப்படி இருந்தது?

"கம்ப்யூட்டர்ல திருப்பிட்டாங்க."

ஏன் திருப்பினார்கள்?

கோதண்டராமன் சார் வேர்வையைத் துடைத்தார். வாஸ்து என்று சொல்ல வேண்டும். லட்சுமி வெளியே போய்விடுவாளோ என்று பயந்தேன் என்று ஒரு வெளிநாட்டுக்காரரிடம், கோட்டு போட்ட மனிதரிடம் சொல்ல வேண்டும். மூன்றாவது ஏன் முடிந்து நாலாவதுக்குப் போகும் இடம். நான் டீயை வைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எங்க ஹவுஸ்கீப்பிங் இன்சார்ஜ் பண்ண தப்பு சார். கேக்காம கொள்ளாம திருப்பிட்டாங்க." என்னை ஏறிட்டுப் பார்க்காமல் தொடர்ந்தார். "அவங்கள வேலைய வுட்டு அனுப்பியாச்சு. இனிமே இந்த மாதிரி ஆவாது."

மதிவதனி அதை ஜப்பான் மொழியில் சொன்னாள். இன்சார்ஜ் யாரென்று அவளுக்குத் தெரியாது. அனுப்பப்பட்டவளான நான் மொரிட்டாவுக்கு முன்னால் சர்க்கரைக் கிண்ணத்தை வைத்தேன். அவர் எனக்குத் தலையசைத்து நன்றி சொன்னார். பிறகு வருத்தமாக ஏதோ சொன்னார்.

"ஒருத்தரை அனுப்பற அளவுக்குப் போயிருக்க வேண்டாம்னு சொல்றார்" என்றாள் மதிவதனி. "ஆனா நீங்க இதை இவ்வளவு பொறுப்பா எடுத்துக்கிட்டதை மதிக்கிறாராம். படத்தை எல்லாம் கழற்றிடுங்க, வெறும் சுவரே போதும்ங்கறார். அடுத்த மாசத்துலேருந்து கட்டடத்தை எடுத்துக்கறாங்க சார்."

அவர்கள் போன பிறகு கோதண்டராமன் சார் சமையலறைப் பக்கம் வந்தார். மற்றவர்களை வெளியே போகச் சொன்னார்.

"வாயில வந்துடுச்சும்மா. நா இன்னா பண்ணட்டும்?"

"வாஸ்துன்னு சொல்லியிருக்கலாம்லா சார்."

"சிரிப்பாங்கம்மா. படிச்சவங்க." தலையைச் சொறிந்தார். "அனுப்பியாச்சுன்னு சொல்லிட்டேன். நாளைக்கி உன்ன இன்சார்ஜின்னு அவங்க முன்னாடி எப்டி நிக்க வெக்கறது? மத்த ஆறு பேரு வேல தப்பிச்சிது பாரு. கொஞ்ச நாளு போவட்டும், நானே கூப்புட்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். கூப்பிட மாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சரி சார்" என்றேன். இத்தனை கேட்டைப் பார்த்தவளுக்கு அந்த வார்த்தை தானாக வரும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீபெரும்புதூரில் முன்பு என்னோடு லைனில் நின்ற ஒருத்தியின் அறையில் பாய் போட இடம் கேட்டிருந்தேன். பையைக் கட்டிவைத்துவிட்டு, போகிற போக்கில் மாடி அறைகளின் படங்களைக் கழற்றினேன். பேச்சி கழற்றுகிறேன் என்றுதான் சொன்னாள். அவள் அழுதுகொண்டே இருந்ததால் நானே செய்தேன். அழுகிறவளுக்கு ஆறுதல் சொல்வதைவிட ஏணியில் ஏறுவது சுலபம்.

ஏழாம் நம்பர் கதவைத் தட்டினால் ஹயாஷி சார் உள்ளே இருந்தார். லீவு நாள். படம் சுவரைப் பார்த்தே இருந்தது. நான் கழற்றி எடுத்ததும் அவர் அவசரமாகப் போனை எடுத்து அதில் நெடுநேரம் பேசினார். போன் அதை மொழிபெயர்த்து ஒரு பெண் குரலில் தமிழில் சொன்னது.

"படத்தைத் திருப்பியது நான். மன்னிக்கவும். முதல் நாளே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் ஒவ்வொரு நாளும் அவ்வளவு கவனமாகத் துடைத்து மாட்டினீர்கள். உங்கள் மனம் புண்படும் என்று நினைத்தேன்."

இத்தனை கம்பெனியிலும் நான் துடைத்ததை, மாட்டியதை யாரும் பார்த்ததாகச் சொன்னதில்லை. பார்த்தவர் இவர். பார்த்த குற்றத்துக்காக வாயை மூடிக்கொண்டு, ராத்திரி ராத்திரி படத்தைத் திருப்பிய மனிதர்.

மறுபடி போனில் பேசினார்.

"என்னால் யாருக்காவது பிரச்சினை ஏற்பட்டதா?"

சொல்லியிருக்கலாம். நான்தான் அந்த இன்சார்ஜ் என்று ஒரு வரி சொன்னால் போதும், இந்த மனிதர் இன்றைக்கே மொரிட்டாவிடம் போய் நிற்பார். மொரிட்டா மறுபடி வந்து உட்காருவார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கோதண்டராமன் சாரைக் கேட்பார். ஏன், ஏன் என்று கேட்டு அடிவேர் வரைக்கும் போவார். கடைசியில் கட்டடம் வேண்டாம் என்று எழுந்துவிட்டால், கீழே அழுதுகொண்டிருக்கிற பேச்சியும் பையைத் தூக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, எனக்கு இன்னொரு தடவை டீத் தட்டோடு நின்று பதில்களைக் கேட்கத் தெம்பு இல்லை.

"யாருக்கும் இல்லை சார்" என்று போனைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் முகம் தெளிந்தது. அப்போதுதான் கதவோரம் நான் வைத்திருந்த பையைப் பார்த்தார். கையால் காட்டி, எங்கே என்பது போலப் புருவத்தை உயர்த்தினார்.

இந்தக் கம்பெனிகள் இருக்கிற பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டு நிறுத்தப்பட்டவள் எவளும் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல மாட்டாள். ஹாஸ்டல் வாட்ச்மேன் கேட்டாலும், ஷேர் ஆட்டோக்காரர் கேட்டாலும் ஒரே பதில்தான். எல்லோரும் அதைச் சொல்வோம், எல்லோரும் அதை நம்பிய மாதிரி தலையாட்டுவோம்.

"ஊருக்கு சார்" என்றேன். "எனக்குக் கல்யாணம்."

போன் அதை ஜப்பான் மொழியில் சொன்னது. ஹயாஷி சார் துள்ளி எழுந்து நின்றார். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டவைத்து, எனக்கு எதிரே இடுப்பு வரைக்கும் குனிந்தார். மூன்று வாரத்தில் அவர் முதல் தடவையாகச் சிரித்ததைப் பார்த்தேன். குனிந்தபடியே ஏதோ சொன்னார்.

"வாழ்த்துகள்" என்றது போன். "நீங்கள் நீண்ட காலம் ஒரே வீட்டில் நிம்மதியாக வாழ வேண்டும்."